பழைய ஆமி ரெயிலரைத் திருத்திக் காட்டுப் பாதைக்கு எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வன்னியில், ஒட்டுசுட்டான் பக்கம் எங்கள் கராஜுக்கு முன்னால் ஒரு மண்நிறப் பெட்டி நிற்கிறது. அதைப் பார்த்துவிட்டு மோட்டார் சைக்கிளை நிற்பாட்டி விசாரிக்காமல் போகிறவர்கள் குறைவு. பிரித்தானிய இராணுவத்துக்கென்று செய்த முக்கால் தொன் சாங்கி ரெயிலர் அது. லாண்ட்றோவருக்குப் பின்னால் கொளுவி இழுப்பதற்காகவே வடிவமைத்தது. தெற்கில் ஓர் ஏலத்தில் கழித்துவிட்ட சாமானாக எடுத்து, நானும் தம்பியும் ஒன்றரை வருடம் மினக்கெட்டுத் திருத்தினோம். அதற்குப் பிறகு வேறு ஆட்களின் பெட்டிகள் நாலைந்து எங்கள் கைக்கு வந்து போயிருக்கின்றன. திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளையும் நாங்கள் சொல்கிற பதில்களையும் இங்கே எழுதுகிறேன். 'பெட்டி' என்று நான் எழுதுவது ரெயிலரைத்தான். வன்னியில் அதுதான் பேச்சு.

உழவு இயந்திரப் பெட்டி வீட்டுக்கு வீடு நிற்கிறதே, இதற்கு ஏன் மினக்கெட வேண்டும்?

உழவு இயந்திரப் பெட்டியைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. போரில் இடம்பெயர்ந்த 2008, 2009இல் எங்கள் வீடே அதற்குள்தான் இருந்தது. கூரைத் தகரம், கதவு நிலை, நெல் மூட்டை, தண்ணீர்க் குடம், எல்லாவற்றுக்கும் மேல் அம்மம்மா. ஒரு பெட்டி எவ்வளவு தாங்கும் என்று நான் படித்த இடம் அது.

ஆனால் அந்தப் பெட்டிக்கு வில்லு (ஸ்பிரிங்) கிடையாது. அச்சு நேரே சட்டத்தில் பூட்டியிருக்கும். வயலுக்கும் களத்துக்கும் இடையில் உழவு இயந்திரத்தின் வேகத்தில் ஓட அது போதும். பிக்கப்புக்குப் பின்னால் கொளுவிக் கிரவல் வீதியில் நாற்பதில் போனால் துள்ளும். ஏற்றின சாமானும் உடையும், இழுக்கிற வாகனத்தின் பின்பக்கமும் ஆடும். ஆமிப் பெட்டிக்குப் பட்டை வில்லு உண்டு, பிரேக் உண்டு, சில்லும் ரயரும் இழுக்கிற வாகனத்தினுடையதாகவே இருக்கும். காட்டுப் பாதையில் அந்த மூன்றும்தான் வேலை செய்கிறது.

எந்த வகை நல்லது?

இழுக்கிற வாகனத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஜீப் மாதிரிச் சின்ன வாகனம் என்றால் அமெரிக்கக் கால் தொன் பெட்டிதான் பொருத்தம். இரண்டாம் உலகப் போரில் வில்லிஸ் ஜீப்புக்குப் பின்னால் போன பாண்டம் பெட்டி, பிறகு வந்த எம் 416 எல்லாம் அந்தக் குடும்பம். எம் 416 வெறுமையாகச் சுமார் 260 கிலோதான். இரண்டு பேர் சேர்ந்தால் கையால் தள்ளித் திருப்பலாம். லாண்ட்றோவர், பெரிய பிக்கப் என்றால் சாங்கி மாதிரி முக்கால் தொன் பெட்டியை யோசிக்கலாம். ஆனால் அது வெறும் பெட்டியே நல்ல பாரம்.

பெட்டியின் முன்புறத்தில் ஆணியடித்த ஒரு சின்னத் தகடு இருக்கும். அதைப் பத்து முறை பெயின்றால் மூடியிருப்பார்கள். துணியில் தின்னர் நனைத்து மெதுவாகத் துடைத்தால் எழுத்துத் தெரியும்: வெறும் நிறை, ஏற்றக்கூடிய நிறை, செய்த ஆண்டு. அதைச் சுரண்டி எடுத்து எறிந்துவிடாதீர்கள். பதிவுக்கும் அதுதான் ஆதாரம், பாரம் ஏற்றுவதற்கும் அதுதான் கணக்கு.

காட்டுக்குள் ஒன்று கிடக்கிறது. எடுத்து வரலாமா?

வேண்டாம். இந்தப் பதிலில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

போர் முடிந்த இடத்தில் கிடக்கிற எந்த இரும்பையும் இழுக்கவோ வெட்டவோ கூடாது. அடியில் என்ன இருக்கிறது, உள்ளே என்ன இருக்கிறது, சுற்றிவர மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று பார்வையால் சொல்ல முடியாது. ஹலோ ட்ரஸ்ட், மாக், டாஷ், ஷார்ப் என்று கண்ணிவெடி அகற்றுகிற அமைப்புகள் எல்லாம் வருடக்கணக்காக இங்கே அங்குலம் அங்குலமாக மண்ணைத் துப்புரவு செய்கின்றன. இலங்கை 2017 டிசம்பரில் கண்ணிவெடித் தடைச் சாசனத்தில் சேர்ந்தும் இன்னும் வேலை முழுதாக முடியவில்லை. பழைய இரும்பு பொறுக்கப் போய்க் கையைக் காலைக் கொடுத்தவர்களை வன்னியில் தெரியாத ஊர் இல்லை. சிவப்பு மண்டையோட்டுப் பலகை இருந்தால் திரும்புங்கள். பலகை இல்லாத இடத்திலும் சந்தேகமான பொருளைக் கண்டால் வந்த காலடியிலேயே திரும்பி வந்து பொலிசுக்குச் சொல்லுங்கள். 119 போதும்.

இன்னொன்று. காட்டில் கிடப்பது யாருடைய சொத்து என்ற கேள்வி இருக்கிறது. கடுதாசி இல்லாத ஆமிச் சாமானோடு சோதனைச் சாவடியில் நின்று விளக்கம் சொல்கிற நிலை யாருக்கும் வேண்டாம். ஏலத்தில் எடுத்த பற்றுச்சீட்டோடு, அல்லது பதிவு உள்ள ஒருவரிடமிருந்து கைமாற்றுக் கடுதாசியோடு வாங்குங்கள்.

பதிவு செய்ய வேண்டுமா?

வீதியில் இழுப்பதென்றால் வேண்டும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் ரெயிலருக்கும் தனிப் பதிவு, தனி இலக்கம். வெட்டி ஒட்டத் தொடங்குவதற்கு முன்பே கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) உள்ள அந்தப் பிரிவில் ஒரு தடவை கதைத்துவிடுங்கள். உருவத்தை மாற்றிவிட்டு அனுமதி கேட்பதைவிட, கேட்டுவிட்டு மாற்றுவது சுகம். சாரதி அனுமதிப்பத்திரத்தின் வகையிலும் பின்னால் இழுக்கிற பெட்டியின் நிறைக்கு வரம்பு இருக்கிறது. உங்கள் வகைக்கு எவ்வளவு என்று அதே போக்கில் கேளுங்கள்.

வாங்கப் போகும்போது முதலில் எதைப் பார்ப்பது?

ஒரு சின்னச் சுத்தியல் கொண்டு போங்கள். வேறு ஆயுதம் வேண்டாம்.

பெட்டியின் பக்கத் தகடு ஓட்டையாக இருக்கிறதா என்று எல்லோரும் பார்ப்பார்கள். அது கடைசியில் பார்க்க வேண்டியது. தகடு ஒரு நாள் வேலை. முதலில் கீழே படுத்துச் சட்டத்தைத் தட்டுங்கள். நல்ல இரும்பு 'ணங்' என்று மணிமாதிரிப் பதில் சொல்லும். கறள் தின்ற இரும்பு 'தொப்' என்று சோர்ந்து போகும், தட்டின இடத்திலிருந்து சிவப்புத் தூள் கொட்டும். இழுவைச் சட்டம் பெட்டியோடு சேருகிற மூலை, வில்லுப் பட்டை தொங்குகிற கண், அச்சுக்கு மேலே யூ போல்ற் பிடித்திருக்கிற இடம், இந்த மூன்றிலும் கொஞ்சம் பொறுமையாக நில்லுங்கள். சேறு தங்குகிற இடங்கள் அவை.

எங்கள் பெட்டியில் மேலே ஒரு கீறல்கூட இல்லை. இடப்பக்கச் சட்டத்தில் ஒரு முழ நீளத்துக்கு உள்ளே ஒன்றுமே இல்லை, பெயின்ற்தான் சட்டம் மாதிரி நின்றது. விரலால் அமத்தினேன், உள்ளே போனது.

அதற்குப் பிறகு ஒரு சில்லை ஜக்கில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பெயாரிங் தளர்ந்திருக்கிறது அல்லது முடிந்திருக்கிறது. சுற்றிவிட்டுக் காதைக் கிட்டவைத்துக் கேளுங்கள். கடைசியாக, வாகனத்தின் கொழுக்கியில் கொளுவுகிற இழுவை வளையம். அதன் உட்பக்கம் ஒருபக்கமாகத் தேய்ந்து முட்டை வடிவத்துக்கு வந்திருந்தால் விலையில் குறைத்துக் கேளுங்கள். எப்படியும் மாற்ற வேண்டிய பொருள் அது.

பழைய பெயின்றைக் காஸ் அடித்து எரித்து எடுக்கலாமா?

கூடாது. பழைய இராணுவப் பெயின்றில் ஈயமும் குரோமேற்றும் இருக்கலாம். அமெரிக்க வாகனங்களில் 1980களிலிருந்து இரசாயனத் தாக்குதலைத் தாங்குகிற ஒரு தனிவகைப் பூச்சு அடித்திருக்கிறார்கள். அதை எரித்தால் வருகிற புகை நெஞ்சுக்கு மிகக் கெடுதி. தண்ணீர் விட்டு ஈரமாகத் தேயுங்கள், அல்லது பெயின்ற் கரைக்கிற பசை பூசிச் சுரண்டுங்கள். முகத்துக்குச் சரியான முகமூடி போடுங்கள், லேஞ்சி கட்டுவது காணாது. கிணற்றடியில் வைத்து இந்த வேலையைச் செய்யாதீர்கள். சுரண்டின தூளைத் தறப்பாள் விரித்துப் பிடித்துக் கட்டி எடுங்கள். பிள்ளைகள் விளையாடுகிற வளவு என்றால் இன்னும் கவனம்.

கறளுக்கு என்ன மருந்து?

கறளுக்கு மேலே பெயின்ற் அடிப்பதை முதலில் நிற்பாட்ட வேண்டும். கம்பித் தூரிகை பூட்டிய கிரைண்டரால் வெள்ளை இரும்பு தெரியுமட்டும் எடுங்கள். எட்டாத குழிகளுக்குப் பொஸ்பரிக் அமிலம் கலந்த கறள்மாற்றி பூசிக் காயவிடுங்கள். பிறகு சிங்க் பிறைமர் இரண்டு கை, அதற்கு மேல் நிறம்.

உள்ளே வெறுமையான பெட்டிச் சட்டம்தான் பெரிய பிரச்சினை. வெளியே எவ்வளவு பூசினாலும் உள்ளேயிருந்து தின்னும். நாங்கள் சட்டத்தின் அடிப்பக்கத்தில் தண்ணீர் வடிய ஒரு முழத்துக்கு ஒரு துளை விட்டு, மெழுகு கலந்த எண்ணெயை உள்ளே அடித்தோம். வருடத்துக்கு ஒருமுறை, மாரிக்கு முன், புரட்டாசியில் திரும்ப அடிக்கிறோம். முல்லைத்தீவுக் கரையோரத்துக்குப் போய் வந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரால் அடியைக் கழுவ வேண்டும். நாளைக்கு என்று விட்டால் உப்பு தன் வேலையைத் தொடங்கிவிடும்.

வெல்டிங் நானே செய்யலாமா?

பக்கத் தகடு, மட்காட், கொளுவிக் கம்பி எல்லாம் பழகின கை என்றால் செய்யலாம். சட்டம், இழுவைத் தண்டு, வில்லுக் கண் ஆகியவற்றை அனுபவமுள்ளவரிடம் கொடுங்கள். இழுவை வளையத்தை எவரும் ஒட்டக்கூடாது. அது காய்ச்சி அடித்து எடுத்த உருக்கு. வெல்டிங் சூட்டில் அதன் குணம் மாறி, பார்க்க நன்றாக இருந்து ஒரு நாள் பாளமாகப் பிளக்கும். புதிதாக வாங்கிப் போல்றில் பூட்டுங்கள்.

நான் விட்ட ஒரு பிழையைச் சொல்கிறேன். சட்டத்தில் ஒட்டும்போது வெல்டிங் மெசினின் எர்த் கிளிப்பைச் சில்லு நட்டில் மாட்டிவிட்டேன். கைக்கு எட்டின இடம் அதுதான். மின்சாரம் சட்டத்திலிருந்து அச்சுக்குப் போய், பெயாரிங் உருளைகளுக்குள்ளால் பாய்ந்து ஹப்புக்கு (சில்லுப் பூட்டுகிற குடத்துக்கு) வந்திருக்கிறது. இரண்டு கிழமைக்குப் பிறகு மாங்குளம் வீதியில் சில்லுக்குள் ஓர் இரைச்சல். கழற்றிப் பார்த்தால் உருளைகளில் ஊசியால் குத்தினமாதிரிப் புள்ளிகள். புதுப் பெயாரிங் இரண்டும் போயிற்று. எர்த் கிளிப் எப்போதும் ஒட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில், சுரண்டின வெறும் இரும்பில் இருக்க வேண்டும்.

சில்லும் ரயரும் எப்படித் தெரிவு செய்வது?

இந்தப் பெட்டிகளின் முழு யோசனையும் இதற்குள்தான் இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலாவது, பெட்டியின் சில்லும் இழுக்கிற வாகனத்தின் சில்லும் ஒன்றுக்கொன்று மாற்றிப் பூட்டக்கூடியதாக இருக்க வேண்டும். சாங்கிக்கு லாண்ட்றோவரின் ஐந்து போல்ற் சில்லு, ஆறரை அங்குல வட்டம். எங்களிடம் லாண்ட்றோவர் இருப்பதால் ஒரு மேலதிகச் சில்லு ஆறு சில்லுக்கும் காவல். ஹைலக்ஸ்காரருக்கு ஆறு போல்ற், வட்டம் 139.7 மில்லிமீற்றர். அவர்கள் ஹப்பை மாற்ற வேண்டும், அல்லது அச்சோடு மாற்ற வேண்டும். இடையில் தகடு வைத்துப் பொருத்துகிற வேலைக்கு நான் உடன்படுவதில்லை. காட்டுப் பாதையில் அந்த போல்றுகள் தளர்ந்து வருவதைக் கண்டிருக்கிறேன்.

இரண்டாவது, சில்லகலம். பழைய சீரிஸ் லாண்ட்றோவரில் இடச்சில்லுக்கும் வலச்சில்லுக்கும் நடுவே 51.5 அங்குலம், டிபெண்டரில் 58.5 அங்குலம். சாங்கியிலும் ஒடுக்கம், அகலம் என்று இரண்டு வகை செய்ததற்குக் காரணம் இதுதான். முன்னால் போகிற வாகனம் மணலையோ சேற்றையோ அமத்தி ஒரு தடம் போட்டுவிடும். பெட்டியின் சில்லு அதே தடத்தில் போனால் சும்மா உருண்டு வரும். நாலு விரல் விலகினாலும் புதுத் தடம் வெட்டிக்கொண்டு வர வேண்டும், இழுக்கிற இஞ்சின் அதற்கும் சேர்த்து உழைக்க வேண்டும். நாயாற்றுப் பக்கத்து மணலில் ஒருமுறை இறங்கி நின்று பின்னால் பாருங்கள். இரண்டு கோடு தெரிந்தால் உங்கள் வேலை சரி. நாலு கோடு தெரிந்தால் அச்சை அளந்து பார்க்க வேண்டும்.

ரயர் வாங்கும்போது பூவை (மேல் வெட்டுக் கோலத்தை) மட்டும் பார்க்காதீர்கள். பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு கிழமை, பின் இரண்டு ஆண்டு. பெட்டி ரயர் ஓடித் தேய்வதைவிட நின்று வெயிலில் வெடிப்பதுதான் அதிகம்.

பெயாரிங்?

மண்ணெண்ணெயில் கழுவுங்கள். 90களில் பொருளாதாரத் தடை இருந்தபோது எங்கள் ஆட்கள் மோட்டார் சைக்கிளையே மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அந்தக் காலத்து மெக்கானிக்குகளிடம் வேலை பழகினவர்கள் நாங்கள், ஒரு துளியும் வீணாக்க மனம் வராது. ஆனால் இதற்கு மட்டும் சுத்தமான எண்ணெயாக எடுங்கள். கழுவின பிறகு வெயிலில் பிடித்துப் பாருங்கள். நீலம் பாய்ந்திருந்தால் சூடேறியிருக்கிறது, புள்ளி இருந்தால் முடிந்தது. நல்லதென்றால் உள்ளங்கையில் கிறீஸை வைத்து, பெயாரிங்கின் அகன்ற பக்கத்தை அதில் அமத்தி அமத்தி, மறுபக்கத்தால் கிறீஸ் பிதுங்கி வருமட்டும் ஏற்றுங்கள். பூட்டும்போது சில்லைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு ஒரு துளி தளர்த்துங்கள். நட்டு கழராமல் பிடிக்கிற பழைய கொட்டர்பின்னைத் திரும்பப் போடாதீர்கள்.

ஆமிக் கொழுக்கியை எடுத்துவிட்டுப் பந்துக் கொளுவி போடலாமா?

வீதியில் மட்டும் ஓடினால் போடலாம், சத்தம் குறையும். காட்டுக்குள் போவதென்றால் கொழுக்கியும் வளையமும்தான். நேட்டோ வளையத்தின் உள்விட்டம் 76 மில்லிமீற்றர், அதாவது மூன்று அங்குலம். கொழுக்கியோ தன் அச்சில் முழுதாகச் சுற்றும். முன் வாகனம் ஒரு குழியில் இடப்பக்கம் சரிய, பெட்டி அதே நேரத்தில் வேரில் ஏறி வலப்பக்கம் சரிந்தாலும் இரண்டும் ஒன்றையொன்று முறுக்காது. பந்துக் கொளுவி கொஞ்சத் தூரம்தான் விட்டுக்கொடுக்கும். அதற்கு மேல் எங்கோ ஒன்று முறிய வேண்டும். பெட்டி பிரண்டாலும் கொழுக்கி சுற்றிக்கொடுக்கும், முன் வாகனத்தைப் பிரட்டாது.

சங்கிலி இரண்டையும் இழுவைத் தண்டுக்குக் கீழே குறுக்காகப் போடுங்கள், பெருக்கல் அடையாளம் மாதிரி. கொழுக்கி கழன்றால் தண்டு மண்ணில் குத்தாமல் சங்கிலி ஏந்திக்கொள்ளும்.

பழைய பிரேக் தேவையா? பின்னுக்கு எடுக்கும்போது பிடித்துக்கொள்கிறது.

தேவை. முன் வாகனம் பிரேக் பிடிக்க, பெட்டி பின்னாலிருந்து தள்ளும். அந்தத் தள்ளுவிசைதான் பெட்டியின் பிரேக்கைப் பிடிக்கச் செய்கிறது. பின்னுக்கு எடுக்கும்போதும் அதே தள்ளுவிசைதான் வருகிறது, அதற்கு வித்தியாசம் தெரியாது. பழைய பெட்டிகளில் இதற்கென்று தண்டில் ஒரு சின்னத் தடுப்பு இருக்கும், இறங்கி அதை மடித்துவிட்டுப் பின்னுக்கு எடுக்க வேண்டும். பெரும்பாலும் அது கறளில் இறுகிக் கிடக்கும். எண்ணெய் விட்டு இரண்டு நாள் பொறுங்கள், அடித்து உடைக்காதீர்கள்.

24 வோல்ற் விளக்கு என் பிக்கப்பில் எரியுமா?

மங்கலாக எரியும். 12, 24 இரண்டிலும் எரிகிற எல்.இ.டி. விளக்குகள் இப்போது தாராளமாகக் கிடைக்கின்றன, அதைப் போடுங்கள். பழைய வயரை முழுதாக இழுத்து எறிந்துவிட்டு ஏழு முனைச் சொக்கற் ஒன்று போடுங்கள். வழமையான ஒழுங்கு இது: மஞ்சள் இடப்பக்கச் சிக்னல், பச்சை வலப்பக்கச் சிக்னல், வெள்ளை எர்த், சிவப்பு பிரேக் விளக்கு, கறுப்பு இடப்பின் விளக்கு, மண்ணிறம் வலப்பின் விளக்கு, நீலம் பனிவிளக்கு. பிரேக்கை மிதிக்கச் சிக்னலும் சேர்ந்து மினுங்கினால் வயரைத் தேடி அலையாதீர்கள், வெள்ளை வயர் பூட்டின இடத்தைச் சுரண்டுங்கள்.

பெட்டியை உயர்த்தலாமா?

ஆசை எல்லோருக்கும் வருகிறது. வில்லை அச்சுக்கு மேலே மாற்றிப் பூட்டினால் நல்ல உயரம் கிடைக்கும், பார்க்கவும் எடுப்பாக இருக்கும். ஆனால் பாரமும் மேலே போகும், சரிவில் முதலில் பிரளப்போவது பெட்டிதான். அடிபடாமல் போகிற அளவுக்கு, இழுக்கிற வாகனத்தின் உயரத்துக்கு, அதற்கு மேல் ஓர் அங்குலமும் வேண்டாம். இழுவைத் தண்டு மட்டமாக நிற்க வேண்டும்.

என்ன ஏற்றலாம், எப்படி ஏற்றுவது?

எங்கள் பெட்டிக்கு அதிகம் வருகிற வேலை தண்ணீர். ஆடி, ஆவணியில் உள்ளூர்க் கிணறுகள் வற்றினால் பவுசர் போக முடியாத ஒழுங்கைகளுக்கு 500 லீற்றர்த் தாங்கி ஒன்றை வைத்துக் கொண்டுபோகிறோம். ஒரு லீற்றர் ஒரு கிலோ, கணக்குச் சுகம்: 500 கிலோ. முக்கால் தொன் பெட்டிக்கு அது சரி. ஆயிரம் லீற்றர்த் தாங்கியும் உள்ளே கொள்ளும், ஆனால் அது ஒரு தொன். கொள்வதும் தாங்குவதும் வேறு. கால் தொன் பெட்டிக்காரர் இருநூறு லீற்றரோடு நிற்பாட்டிக்கொள்ளுங்கள்.

அரைவாசித் தாங்கி முழுத் தாங்கியைவிட மோசம். தண்ணீர் முன்னும் பின்னும் அடித்துப் பெட்டியை ஆட்டும். நிரப்பிக் கொண்டுபோங்கள், அல்லது வெறுமையாகக் கொண்டுவாருங்கள்.

பாரத்தை அச்சுக்கு மேலும், ஒரு சொட்டு முன்னுக்கும் வையுங்கள். மொத்த நிறையில் பத்தில் ஒன்று கொழுக்கியில் இறங்க வேண்டும். அளக்க நெல் நிறுக்கிற தராசு போதும்: மட்டமான நிலத்தில், ஏற்றின பெட்டியின் தண்டை ஒரு கட்டை வைத்துத் தராசில் இறக்குங்கள். 900 கிலோப் பெட்டி 90 காட்டினால் சரி. 30 காட்டினால் வீதியில் வால் ஆட்டும். இடம்பெயர்ந்த காலத்தில் அப்பா பெட்டி ஏற்றும்போது நெல் மூட்டைகளை எப்போதும் அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் அடுக்கிவிட்டு, பாயையும் தலகணியையும் பின்னால் போடுவார். ஏன் என்று அன்றைக்குக் கேட்கவில்லை.

மணலோ மரமோ ஏற்றுகிற யோசனை இருந்தால் அனுமதி இல்லாமல் தொடாதீர்கள். மணலுக்குப் புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகம், பாலை முதிரை மாதிரி மரங்களுக்கு வனவளத் திணைக்களம். அகப்பட்டால் பெட்டியும் போகும், இழுத்த வாகனமும் போகும். அதையும்விட, எங்கள் ஆறுகளின் மணல் போன போக்கை நாங்கள் கண்முன்னே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

மாரியில் களியில் புதைகிறது. மணலிலும் இழுபடவில்லை.

இரண்டுக்கும் மருந்து வேறு. மணலில் காற்றை இறக்குங்கள். வீதியில் 35 பிஎஸ்ஐ என்றால் மணலில் 18. முன் வாகனத்துக்கு மட்டும் இறக்கிவிட்டுப் பெட்டியை மறந்துவிடுகிறார்கள். இறுக்கமான ரயரோடு பெட்டி நங்கூரம் மாதிரி நிற்கும். வீதிக்கு ஏறினதும் திரும்ப அடியுங்கள்.

வயற்களி வேறு சாதி. அது சில்லில் ஒட்டிச் சுற்றிச் சுற்றி மட்காட்டுக்கும் ரயருக்கும் இடையில் இறுகி, கடைசியில் சில்லு சுற்றாமல் வழுக்கிக்கொண்டு வரும். எங்கள் பெட்டியில் மட்காட்டை வெட்டி, ரயரிலிருந்து ஒரு சாண் இடைவெளி விட்டு உயர்த்தினோம். அத்தோடு ஒரு அலவாங்கு எப்போதும் பெட்டியில் கிடக்கும்.

ஆற்றைக் கடக்கும்போது பெட்டி மிதக்குமா?

மிதக்கும். ஜீப்புக்குச் செய்த பழைய பெட்டிகள் மிதப்பதற்கென்றே தண்ணீர் புகாமல் செய்யப்பட்டவை. ஆபத்தே அதுதான். மிதக்கிற பெட்டியை ஓட்டம் பக்கவாட்டில் தள்ளும், அது முன் வாகனத்தின் பின்பக்கத்தையும் சேர்த்துத் தள்ளும். தளத்தில் இருக்கிற அடைப்பான்களைக் கழற்றிவிட்டு இறங்கினால் தண்ணீர் உள்ளே வந்து பெட்டி நிலத்தில் நிற்கும். சாமானை உயரத்தில் கட்டுங்கள்.

ஓடி வந்த சூட்டோடு இறங்காதீர்கள். சூடான ஹப் தண்ணீரில் குளிரும்போது உள்ளே இருக்கிற காற்றுச் சுருங்கி, சீலுக்குள்ளால் தண்ணீரை உறிஞ்சும். ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் கரையில் நில்லுங்கள். கார்த்திகை, மார்கழியில் கனகராயன் ஆறோ பாலியாறோ பெருகி ஓடுகிறபோது எந்தப் பெட்டியோடும் இறங்க வேண்டாம்.

பச்சை நிறத்தை அப்படியே வைத்திருக்கலாமா? அதுதானே அழகு.

வேறு நாட்டில் இதே பெட்டியைத் திருத்துகிறவர்கள் பழைய பச்சையைத் தேடிப் பிடித்து அடிக்கிறார்கள். அவர்களுக்கு அது சரியாக இருக்கலாம். எங்கள் இடத்தில் நான் அடிக்க மாட்டேன்.

பெட்டியை ஏலத்திலிருந்து கொண்டுவந்து இறக்கின அன்று பின்னேரம், அம்மம்மா குந்தில் இருந்து முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தா. படலைக்குள்ளால் பச்சைப் பெட்டி உள்ளே வந்ததும் சுளகை வைத்துவிட்டு எழும்பினா. "உதை ஏனடா வளவுக்குள்ள கொண்டந்தனி?" என்று ஒரு கேள்விதான். பதிலுக்கு நிற்கவில்லை, உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டா. முருங்கையிலை முற்றத்தில் பறந்துகொண்டிருந்தது. அன்றைக்கு இரவே நானும் தம்பியும் மண்ணெண்ணெய் விளக்கை வைத்துக்கொண்டு முன்பக்கத்து இலக்கங்களைத் தேய்த்து எடுத்தோம். மற்றதெல்லாம் ஒன்றரை வருடம் எடுத்தது, அந்தப் பக்கத்துப் பச்சை மட்டும் ஒரு கிழமையில் போனது.

இப்போது கிரவல் நிறம். புழுதி பட்டாலும் தெரியாது, வெயிலில் பச்சையைவிடச் சூடும் குறைவு. தண்ணீர் கொண்டுபோகிற வீடுகளில் பிள்ளைகள் ஓடி வந்து ஏறுகிறார்கள். உருமறைப்புக் கோலம் போட்டுத் தரச்சொல்லி இரண்டு இளம்பிள்ளைகள் கேட்டார்கள், மாட்டேன் என்று சொன்னேன். சோதனைச் சாவடிக் கேள்விகள் ஒரு காரணம், பெரிய காரணம் வீடுகளுக்குள் இருக்கிறது.

காட்டுக்குள் எங்கேயும் போகலாமா?

இல்லை. ஒதுக்குக் காட்டுக்கு வனவளத் திணைக்களம், சுண்டிக்குளம் மாதிரித் தேசியப் பூங்காவுக்கு வனஜீவராசிகள் திணைக்களம், அனுமதியோடுதான். ஊர்ப் பாதை, குளக்கட்டுப் பாதை, வயற்பாதை என்று நாங்கள் போக ஏராளம் இருக்கிறது. துப்புரவு செய்து கையளித்த பாதையை விட்டு விலகாதீர்கள், ஒன்றுக்குப் போவதற்கும் விலகாதீர்கள். பின்னேரம் ஐந்துக்குப் பிறகு குளத்தோரம் யானை இறங்கும். பெட்டியோடு சட்டென்று திரும்ப முடியாது என்பதை நினைவில் வைத்து, அதற்கு முன் வெளியே வாருங்கள்.

கையில் காசு குறைவு. எதை முதலில் செய்வது?

கொழுக்கி, சங்கிலி, பெயாரிங், ரயர், பிரேக், விளக்கு. இந்த ஒழுங்கில். தகடும் நிறமும் அடுத்த போகத்து நெல் வித்த பிறகு செய்யலாம்.

பின்னுக்கு எடுக்க எனக்கு வரவே இல்லை.

எல்லோருக்கும் முதலில் வராது. ஸ்ரியறிங்கின் அடிப்பக்கத்தைப் பிடியுங்கள். கை போகிற பக்கம்தான் பெட்டியின் வால் போகும். குட்டைப் பெட்டி சட்டென்று மடியும், அதனால் மெல்ல, கொஞ்சம் கொஞ்சமாக. மடியத் தொடங்கினால் வெட்டிச் சமாளிக்கப் பார்க்காமல் முன்னுக்கு இழுத்து நேராக்கிவிட்டுத் திரும்பத் தொடங்குங்கள். பங்குனியில் அரிவு வெட்டி முடிந்த வயலில் இரண்டு பனைமட்டையை நட்டு, அதற்கு நடுவில் பத்து நாள் பின்னேரம் பழகினால் வந்துவிடும். ஈரம் காயமுன் வயலுக்குள் இறக்காதீர்கள், வயற்காரர் வரம்பு உடைந்தால் பேசுவார்.